பேர் போடாத வேலை

(கட்டற்ற கலைக்களஞ்சியமாகிய தமிழ் விக்கிப்பீடியாவிற்கு ஊதியமின்றி எழுதிவரும் இளைஞர்களைப் பாராட்டும் பொருட்டு அரநாயக்கவில் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை.)



பொன்னாடைகளும் மாலைகளும் மேசைமீது காத்திருக்கின்றன. அவற்றை அணிவிக்குமுன், எதற்காக அணிவிக்கிறோம் என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லும்படி தலைவர் பணித்தார். இரண்டு வார்த்தையில் அடங்கும் செய்தியன்று இது. சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

தோட்டத்திலே பிறந்தவர்களுக்குப் 'பேர்' என்ற சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்தும் கேகாலையிலிருந்தும் வந்துள்ள மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் அறியும்பொருட்டுச் சொல்லுகிறேன். நம் மலைகளிலே பேர் என்றால் ஒருநாட் சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். விடியலிலே பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து கொழுந்து கொய்தவளுக்கு அந்தியிலே செக்ரோலில் அரைப்பேர் என்று விழுந்தால், அவள் உழைத்த நாளில் பாதி எங்கே போயிற்று என்று எவரும் கேட்டதில்லை. அத்தகைய வாழ்வு வாழ்ந்த நம் பாட்டிமாரிடம் சென்று, "பேர் போடாமலே சிலர் இரவெல்லாம் வேலை செய்கிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "பைத்தியமா அவனுகளுக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

அத்தகைய பைத்தியக்காரர்கள் சிலர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்! அவர்களைப் பார்க்கத்தான் நாம் வந்திருக்கிறோம்.

தமிழிலே கலைக்களஞ்சியம் செய்தவர்கள் எல்லோரும் இந்தப் பைத்தியம் சற்றே பிடித்தவர்கள்தாம். 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதான கோசம்' என்னும் நூலை வெளியிட்டார். தமிழுக்கு முதன்முதலாகக் கலைக்களஞ்சியம் தந்தது இந்த இலங்கை மண் என்பதை நாம் எத்தனை முறை சொல்லிக்கொண்டோம்? 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. பள்ளியாசிரியர் ஒருவர் தனி மனிதராக நின்று தொகுத்தார். அச்சிடப் பொருளுதவி தேடி அலைந்தவருக்கு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். பின்னர், பெரியசாமித் தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அறிஞர் பலர் கூடி இழுத்த தேர் அது. ஆயினும், அந்தத் தேரின் வடத்தைத் தொட நமக்கு வாய்ப்பில்லை. பேராசிரியர் எழுதினார், நாம் படித்தோம், அதுவும் நூலகம் உள்ள ஊரில் இருந்தவர்கள் மட்டுமே.

2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா அந்த வடத்தை எல்லோர் கையிலும் கொடுத்தது. தமிழ்ப் பதிப்பு 2003 செப்டெம்பரில் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே வந்து சேர்ந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டிலே தொழில் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில், தொடக்க காலத்தில் பெரும்பாலும் தனியாளாகவே அதனைச் சுமந்தார். அவர் எழுதிய கட்டுரைகள் மட்டும் 4,000க்கு மேல். 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரையைத் தாண்டியது. இவை எவற்றிற்கும் எவர்க்கும் பேர் போட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அதே 2003ஆம் ஆண்டிலேதான், 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், நம்மில் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. 1948இல் ஏட்டிலிருந்து விழுந்த பெயர்கள் மீண்டும் ஏடேற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஏட்டிலே பெயர் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை இந்தத் தீவில் நம்மைவிட நன்கறிந்தவர் யாவர்?

அழிக்கவொண்ணாத செக்ரோல்

நண்பர்களே! விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்திற்கும் பின்னே 'பக்க வரலாறு' என்று ஒன்று உண்டு. யார், எந்த நாளில், எந்த நாழிகையில், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எந்தப் பிழையைத் திருத்தினார் என்பதெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தியவர் பெயரும் நிற்கும். கங்காணி கோபித்துக்கொண்டு அடித்துவிட முடியாது. ஒரு பக்கத்தையே நீக்கினாலும், நீக்கியவர் பெயர் மற்றொரு குறிப்பிலே ஏறிவிடும். செக்ரோல் என்றால் இஃதன்றோ செக்ரோல்! குறை ஒன்றுதான்: அதைத் திறந்து பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆகவேதான் பாராட்டு வேண்டியதாகிறது. போலந்து நாட்டின் சுவூபித்சே என்னும் சிற்றூரில், 2014 அக்டோபர் 22ஆம் நாள், விக்கிப்பீடியாவுக்கு எழுதுவோருக்கென்றே ஒரு சிலை திறந்தார்கள். நான்கு மனித உருவங்கள் ஓர் உருண்டையைத் தாங்கி நிற்கின்றன. எவருடைய முகமும் அன்று; பெயரில்லாத எல்லோருடைய முகமும் அது. கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை மயூரநாதனுக்கு வழங்கிற்று. கதை, கவிதை எழுதியோரின் வரிசையிலே கலைக்களஞ்சியத் தொண்டரையும் அமர்த்தியது நல்ல செயல். 2015இல் தொடங்கிய ஆசிய மாதப் போட்டியில் குறித்த எண்ணிக்கை எழுதியவருக்கு மற்றோர் ஆசிய நாட்டிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்ததுண்டு, அவ்வளவே. அந்த அட்டையைச் சட்டகமிட்டு மாட்டியிருப்பவரை நான் அறிவேன். சிரிக்காதீர்கள்! கூலி வாங்காதவனுக்குக் கடிதம் ஒன்று வந்தால் அதன் விலை வேறு.

ஆனால் பாராட்டிலும் ஒரு நஞ்சு உண்டு. எண்ணிக்கையைப் பார்த்துப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் விளையும். நிறையைக் கூட்டக் கொழுந்தோடு முற்றிய இலையையும் கூடையில் திணிப்பது நமக்குத் தெரியாததா? இந்திய மொழிகளுக்கிடையே 2018இல் நடந்த 'வேங்கைத் திட்ட'ப் போட்டியில் பஞ்சாபி முந்தியது. 2019–20இல் தமிழ் முந்தியது. மகிழ்ச்சியே. எனினும், போட்டி முடிந்த மறுநாள் அக்கட்டுரைகளை உட்கார்ந்து திருத்துபவன் எவன்? நள்ளிரவில் எவனோ ஒரு குறும்பன் ஒரு பக்கத்தில் வசைமொழி எழுதிப் போனால், விடியுமுன் அதைத் துடைத்து வைப்பவன் எவன்? விக்கிமூலத்திலே பழைய நூல்களை வரி வரியாக மெய்ப்புப் பார்ப்பவள் எவள்? அவர்கள் கணக்கில் ஒரு கட்டுரையும் இராது. என்னைக் கேட்டால் முதல் மாலை அவர்களுக்குத்தான் விழவேண்டும். இன்றைய பட்டியலில் அத்தகைய ஒருவர் பெயர் விடுபட்டிருந்ததைக் காலையிலே கண்டு சேர்க்கச் சொன்னேன். தலைவர் பொறுத்தருள்வாராக.

நம் மலையின் கதை

இந்தப் பணி அரநாயக்கவுக்கு எதற்கு என்று பின்வரிசையிலே ஒரு பெரியவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. 2016 மே 17ஆம் நாளை நினைத்துப் பாருங்கள், ஐயா. சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஊர்களின்மீது விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அதே நாளில், புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலே லயன்கள் மண்ணுக்குள் போயின. சிங்களவர், தமிழர் என்று மண் பார்க்கவில்லை. சில நாட்களுக்குள் உலகின் ஏதேதோ மூலைகளில் இருந்தவர்கள் அவ்வாண்டின் வெள்ளத்தையும் மண்சரிவையும் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவிலே எழுதி வைத்தார்கள். நம்மை அறியாதவர்கள், நமக்காக, கூலியின்றி! தமிழிலே எழுத நாம் எத்தனை பேர் அமர்ந்தோம்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

இடையூறு உண்டு; மறைக்கமாட்டேன். "என் பாட்டி சொன்னாள்" என்று அங்கே எழுத இயலாது. அச்சில் வந்த சான்று கேட்பார்கள். அது சரியான விதியே. இல்லாவிட்டால் ஊர்வம்பெல்லாம் வரலாறாகிவிடும். ஆனால் நம் வரலாற்றில் பாதி வாய்மொழியாகவே கிடக்கிறது. கொழுந்து மலையிலே பாட்டுக் கட்டியவளின் பெயர் இன்று எவருக்குத் தெரியும்? சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்ததனால் பாட்டாவது மிஞ்சிற்று. 2005 முதல் பழைய ஏடுகளை மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனத்தின் தொகுப்பிலே மலையக வெளியீடுகளும் உள்ளன. சான்று தேடுவோர் முதலில் அங்கே செல்லலாம். உங்கள் வீட்டுப் பரணில் தொழிற்சங்க மலரோ, பள்ளி ஆண்டு மலரோ இருந்தால் கறையானுக்குக் கொடுக்காமல் அவர்களுக்குக் கொடுங்கள்.

நிழற்படத்திற்கோ அச்சுச் சான்று வேண்டியதில்லை. விவசாயப் பெருமக்களே, இதை உங்களுக்காகச் சொல்லுகிறேன். மிளகுக் கொடியில் நோய் கண்ட இலை, சாதிக்காய் பிளந்து பத்திரி தெரியும் பருவம், இறப்பர் மரத்தில் பால் வெட்டும் கோணம், கித்துள் பூச் சீவும் கத்தி — இவற்றை உங்கள் கைப்பேசியால் நீங்களே எடுத்து, யாவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், அப்படம் எத்தனையோ மொழிகளில் வந்து நிற்கும். அசுபினி எல்ல அருவியை எவரும் எடுத்துவிடுவார்கள். கித்துள் சீவும் கையை நீங்கள்தான் எடுக்கமுடியும்.

மருத்துவர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று பொன்னாடை போர்த்திவிட்டு நாளை மறந்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் எழுதிய உங்கள் துறைக் கட்டுரை ஒன்றை எடுத்துப் படியுங்கள். பிழை கண்டால் திருத்துங்கள். படிக்கப்படுவதைவிடப் பெரிய கூலியை எழுதுகிறவன் கேட்டதில்லை. பள்ளி அதிபர்கள் மாலையிலே கணினி அறையை இரண்டு மணிநேரம் திறந்து வைத்தால் அதுவும் பாராட்டே. வீட்டில் இணையத்திற்குப் பணம் கட்ட இயலாமல் பாதியிலே நின்ற கட்டுரைகள் உண்டு என்று இவர்கள் சொல்லக் கேட்டேன்.

பெயர்ப் பட்டியல் என் கையில் இருக்கிறது. சிலர் புனைபெயரிலேயே எழுதுகிறார்கள். அப்பெயரிலேயே அழைக்குமாறு கேட்டிருக்கிறார்கள், அவ்வாறே அழைப்போம். பிரட்டுக்களத்தில் அழைப்பதுபோல் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன். அழைக்கப்பட்டவர் எழுந்து மேடைக்கு வரலாம்.