பாவைப் படம் தந்த பாடம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற வாரம் நாம் குடும்பம் குடும்பமாக இம்மண்டபத்திற் கூடி, 'வலஸும் குறொமிற்றும்: முயல்மனிதனின் சாபம்' என்னும் ஆங்கிலப் பாவைப் படத்தைக் கண்டு களித்தோம். "சிறுபிள்ளைகள் பார்க்கும் படத்துக்குப் பெரியவர்களை ஏன் அழைத்தீர்கள்?" என்று அன்று பெரியவர் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறவே இளைஞர்களாகிய நாம் இன்று எழுந்துள்ளோம்.

கதை எளியது. ஓர் ஊரிலே பெரிய காய்கறிகளுக்கான போட்டி நடக்க இருக்கிறது. தோட்டங்களை முயல்களிடமிருந்து காக்கும் பொறுப்பை வலஸ் என்பவரும், அவருடைய நாயான குறொமிற்றும் ஏற்கின்றனர். முயல்களைக் கொல்லாமலே திருத்திவிடலாம் என்று வலஸ் அமைத்த பொறி விபரீதமாக முடிகிறது. அவரைக் காக்கப் பாடுபடுவது நாய்தான். அந்த நாய்க்கு வாயே இல்லை. ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதன் எண்ணமெல்லாம் புருவ அசைவிலே தெரிகிறது. ஆங்கிலம் அறியாத ஆச்சிமாரும் பேரப்பிள்ளைகளும் ஒரே வேளையிற் சிரித்ததன் காரணம் இதுவே.

இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலுள்ள ஆட்மன் கலைக்கூடத்தினரின் இப்படம் 2005 இல் வெளிவந்தது. நிக் பார்க், ஸ்ரீவ் பொக்ஸ் ஆகிய இருவரும் இதனை இயக்கினர். பிளாஸ்ரிசீன் என்னும் களிமண் போன்ற பொருளாற் பாவை செய்து, அதனைச் சிறிது அசைத்து ஒரு நிழற்படம் பிடிப்பர். மீண்டும் அசைத்து மற்றொன்று பிடிப்பர். திரையில் ஒரு வினாடிக்கு 24 நிழற்படங்கள் ஓடுகின்றன. 85 நிமிடங்களுக்குக் கணக்கிட்டால் 122,400 ஆகும். இப்படத்தை ஆக்கி முடிக்க ஐந்து ஆண்டுகள் சென்றன. உற்று நோக்கினால் பாவைகளின் மேல் செய்தவர்களின் விரலடையாளங்களையும் காணலாம்.

அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அக்கலைக்கூடத்தின் களஞ்சியம் தீப்பற்றியது. முன்னைய படங்களின் பாவைகளும் அரங்க அமைப்புகளும் பெரும்பாலும் சாம்பராயின. அதற்கு இரண்டு நாட்களின் முன்னர்தான் காஷ்மீரப் பகுதியிற் பூகம்பம் ஏற்பட்டு 70,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமது இழப்பைப் பற்றிப் பேசிய நிக் பார்க், ஏனைய துயரங்களின் முன் இது பெரிதன்று என்ற கருத்தையே வெளியிட்டார். மறு ஆண்டு இப்படம் ஒஸ்கார் பரிசு பெற்றது. அப்பரிசினும் இம்மனநிலையே பெரிதென நாம் கருதுகிறோம்.

அன்பர்களே, நம்மைச் சற்று நோக்குவோம். நமது வாசிகசாலைப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பணியை ஆரவாரத்தோடு தொடங்கினோம். மூன்றாம் வாரத்திற் கைவிட்டோம். பாதிப் புத்தகங்கள் இன்றும் அலுமாரியில் அப்படியே கிடக்கின்றன. எதுவும் எரியவில்லை; எவரும் தடுக்கவில்லை. பொறுமைதான் போதவில்லை.

ஆதலால் அந்தப் பெரியவருக்கு எமது விடை இது: ஐயா, படம் பிள்ளைகளுக்கு, அதைச் செய்தவர்களின் பொறுமை எமக்கு, நாம் அதைக் கற்றோமா என்று பார்த்திருப்பது உங்களுக்கு. வருகின்ற சனிக்கிழமை மாலை மிகுதிப் புத்தகங்களுக்கு அட்டை போட வருகிறோம். நீங்களும் வந்து பாருங்கள்.