சிலுவைக்கு அழுகிறவர்கள் சுவரை எப்போது இடிப்பார்கள்?

(தவக்காலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கடவுள் மறுப்பாளனைக் கூப்பிட்டு, ‘மனந்திரும்புதலும் நன்றியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலுக்கு வணக்கம். நான் உங்கள் வேதாகமத்தை வைத்தே பேசுகிறேன்.

சாம்பல் புதனில் தொடங்கி, சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு, ‘எனக்காகப் பாடுபட்டாரே’ என்று அழுகிறீர்கள். அந்த அழுகையை நான் கேலி செய்யவில்லை. இன்னொருவன் பட்ட வலிக்கு அழத் தெரிந்தவன் மனிதன். ஆனால் யாருக்காக அழுகிறீர்கள்? ரோமானிய அரசு சிலுவையைப் பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தது. இயேசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்கிறது எபிரேயருக்கு எழுதிய நிருபம். ஊருக்கு வெளியே என்றால் நம் ஊரில் அது எந்த இடம் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயரின் பொருளே ‘நன்றி செலுத்துதல்’. அந்த நன்றியை நம் மண்ணில் எப்படிச் செலுத்தினார்கள்? 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகள் சாதியை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தமிழ்ச் சபைகளில் அதுவரை ஆதிக்கச் சாதியார் தனியாக உட்கார்ந்தார்கள், திருவிருந்துக் கிண்ணத்தில் முதலில் குடித்தார்கள். கடிதம் வந்ததும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டம் சபையை விட்டே வெளியேறியது. யோசித்துப் பாருங்கள். அந்தக் கிண்ணத்தில் இருப்பது எல்லோருக்காகவும் சிந்திய இரத்தம் என்று நம்புகிறார்கள். அதில் ஒரு பறையர் வாய் வைத்த பிறகு குடிக்க மாட்டார்களாம். இரத்தம் வேண்டும், கிண்ணம் தீட்டு!

பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவர் உங்களுக்குத் தெரியும். எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. அதாவது, அது நடந்ததும் ஒரு தவக்காலத்தில்தான். அரசாங்கமோ 1950 ஆணையைக் காட்டி, ‘கிறித்தவனுக்குச் சாதி இல்லை, பட்டியலில் இடமும் இல்லை’ என்கிறது. அது தனியாகப் பேச வேண்டிய அநியாயம்.

மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்று லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் ஒரு வரி வசூல்காரனைக் காட்டுகிறார். சகேயு. இயேசு அவன் வீட்டுக்குப் போகிறார். அவன் மார்பில் அடித்துக்கொண்டு அழுததாக ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது எதுவானாலும் நாலு மடங்கு திரும்ப. அதற்குப் பிறகுதான் ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது’ என்கிறார் இயேசு. பணத்தை எண்ணத் தெரிந்தவன், பாவத்தையும் எண்ணிக் காட்டினான்.

2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. தீண்டாமை பாவம் என்று ஒப்புக்கொண்டது. நல்லது. பாவசங்கீர்த்தனம் ஆயிற்று. நாலு மடங்கு எங்கே? மறைமாவட்டப் பள்ளிகளில், கல்லூரிகளில், மருத்துவமனைகளில் ஆசிரியர் யார், அலுவலர் யார், துப்புரவுப் பணியாளர் யார் என்று சாதிவாரிக் கணக்கை வெளியிடட்டும். குருமடத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை, பாதியில் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை, ஆயர் ஆனவர்கள் எத்தனை? சகேயு ஒரே பகலில் சொல்லிவிட்டான்.

இங்கே இருக்கிற தலித் தோழர்களிடம் ஒன்று. ‘இயேசு பொறுத்தாரே, நீங்களும் பொறுங்கள்’ என்று யாராவது சொன்னால், கோயிலில் காசுக்காரர்களின் மேசையைக் கவிழ்த்தவரும் அவர்தானே என்று கேளுங்கள். உங்கள் பாடு யாருக்கும் பலி அல்ல. அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை.

பெரிய வெள்ளி வருகிறது. சிலுவைப்பாதை எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று உங்கள் பங்குத்தந்தையிடம் இப்போதே கேளுங்கள். காலனிக்கு வராது என்றால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் படிப்போம்.