கையெழுத்துக்கு ஒரு பதவி



சூடான் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் டார்ஃபூரைப் பற்றிப் பேச்செடுத்தால், பத்திரிகை படிக்கிறவர்களில் பலர் கையில் ஒரு தீர்ப்புத் தயாராக இருக்கிறது. “அரசாங்கம் கொடுமை செய்தது வாஸ்தவம்தான். ஆனால் கிளர்ச்சிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டால் யார்தான் சமாதானம் செய்துவைக்க முடியும்?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெட்டிக்கொண்டார்கள், மறுக்கவில்லை. அப்படி வெட்டிக்கொண்டதற்குக் கூலி கொடுத்தது யார் என்ற கேள்வியை மட்டும் இந்தத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் கேட்பதே இல்லை. அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு இந்த மேடையில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டார்ஃபூர் 1916 வரை தனி சுல்தானகம். பிரிட்டிஷார் அதைச் சூடானோடு சேர்த்தார்கள். சேர்த்தவர்களும் அங்கே போதிய பள்ளிக்கூடம் கட்டவில்லை, பின்னால் தலைநகர் கார்ட்டூமில் உட்கார்ந்தவர்களும் கட்டவில்லை. வறட்சி வந்தது, பாலைவனம் தெற்கே இறங்கியது, மேய்ச்சல்காரருக்கும் உழவருக்கும் இடையே தண்ணீர்த் தகராறு முற்றியது. அரசாங்கம் ஒரு பக்கத்துக்குத் துப்பாக்கி கொடுத்தது. 2003இல் சூடான் விடுதலை இயக்கமும், நீதி மற்றும் சமத்துவ இயக்கமும் ஆயுதம் தூக்கின. அந்த ஆண்டு ஏப்ரலில் எல் ஃபாஷர் விமானத் தளத்துக்குள் புகுந்து, நின்றுகொண்டிருந்த ராணுவ விமானங்களைக் கொளுத்திவிட்டு, விமானப்படைத் தளபதி ஒருவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். அதிர்ந்துபோன அரசாங்கம் ஜஞ்சவீத் என்ற குதிரைப்படைக் கும்பலை ஊர்கள்மீது ஏவிவிட்டது. மூன்று லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. பத்தாயிரம்தான் என்றது கார்ட்டூம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்து முகாம்களுக்கு வந்தார்கள்.

இந்தச் சூடான் விடுதலை இயக்கம் எப்படி உருவானது? ஜெபல் மர்ரா மலையைச் சுற்றி உழுது வாழும் ஃபூர் மக்கள், சாட் எல்லையோரம் ஒட்டகம் வளர்க்கும் ஸகாவா மக்கள், மேற்கே மசாலித் மக்கள் என்று மூன்று சமூகத்தின் இளைஞர்கள் சேர்ந்த கூட்டு அது. தலைவர் அப்துல் வாஹித் அல்-நூர், ஃபூர் இனத்தவர், வழக்கறிஞர். பொதுச் செயலாளர் மின்னி மின்னாவி, ஸகாவா இனத்தவர். தலைவர் பக்கம் மக்கள் திரள் இருந்தது, ஃபூர்தானே டார்ஃபூரின் பெரிய சமூகம். மின்னாவி பக்கம் வண்டிகளும் போராளிகளும் இருந்தன. ஆள்பலம் ஒருவரிடம், படைபலம் ஒருவரிடம். இப்படி அமைந்த எந்த இயக்கத்திலும் உரசல் வரும். 2005 கடைசியில் ஹஸ்கனிதா என்ற ஊரில் மின்னாவி மாநாடு கூட்டி, தன்னையே தலைவராகத் தேர்ந்தெடுக்க வைத்தார். அப்துல் வாஹித் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு பெயர், இரண்டு தலைவர்கள்.

இந்த நிலையில்தான் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் பேச்சுவார்த்தை நடந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சார்பில் சலீம் அகமது சலீம் தலைமை நடுவர். அந்த ஏழாவது சுற்று மாதக்கணக்கில் இழுத்தது. பணம் கொடுத்த நாடுகள் பொறுமை இழந்தன. 2006 ஏப்ரல் 25ஆம் தேதி, எண்பது பக்கத்துக்கும் மேலான ஒப்பந்த வரைவை மேசைமேல் வைத்தார்கள். ஏப்ரல் 30க்குள் பதில் வேண்டும் என்றார்கள். புதரிலிருந்து வந்த தளபதிகள் அதைப் படித்து, முகாமில் இருக்கிறவர்களிடம் கேட்டு, முடிவு சொல்ல ஐந்து நாள்! பிறகு 48 மணி நேரம் நீட்டினார்கள். மறுபடி 48 மணி நேரம் நீட்டினார்கள். அமெரிக்கத் துணை வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஸோலிக் பறந்து வந்தார். நைஜீரிய அதிபர் ஒபசாஞ்சோ இரவு முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நெருக்கினார்.

மே 5ஆம் தேதி மின்னாவி கையெழுத்துப் போட்டார். அப்துல் வாஹித் போடவில்லை. நீதி மற்றும் சமத்துவ இயக்கத்தின் கலீல் இப்ராஹிமும் போடவில்லை.

அப்துல் வாஹித் கேட்டது என்ன? எரிந்த வீடுகளுக்கு இழப்பீடாக அரசாங்கம் முதலில் எடுத்துவைத்தது மூன்று கோடி டாலர். வீடிழந்தவர் தலைக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், பதினைந்து டாலர்கூட வராது. அது போதாது என்றார். ஜஞ்சவீத்களின் ஆயுதத்தைக் களைவதில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார். துணை அதிபர் பதவியும் கேட்டார். அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் முதல் இரண்டும் முகாமிலிருந்த ஒவ்வொரு குடும்பமும் கேட்டவை. அந்த இடத்தில் நடுவர்கள் எழுந்து, “பெரும்பான்மை மக்கள் யார் பின்னால் நிற்கிறார்களோ அவர் கையெழுத்தில்லாமல் இது ஒப்பந்தமே ஆகாது” என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. நாலு பங்காளிகள் இருக்கும் சொத்தில் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிப் பத்திரம் பதிந்துவிட்டு, மற்ற மூவரையும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்கிற ரிஜிஸ்திரார் வேலையைத்தான் அபுஜாவில் செய்தார்கள்.

பதிந்த பத்திரம் எப்படி வேலை செய்தது? மூன்றே நாளில், மே 8ஆம் தேதி, ஐ.நா. நிவாரணத் தலைவர் யான் எகலாண்ட் நியாலா அருகிலுள்ள கல்மா முகாமுக்குப் போனார். அங்கே கலவரம் வெடித்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டார். ஜூலையில் மின்னாவியை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கைகுலுக்கினார் அமெரிக்க அதிபர் புஷ். அதே ஜூலையில் வடக்கு டார்ஃபூரின் கோர்மா பகுதி ஊர்களை மின்னாவியின் ஆட்கள் தாக்கிக் கொன்றதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. அந்த ஊர் மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘இரண்டாம் ஜஞ்சவீத்’. ஆகஸ்டில் மின்னாவி அதிபரின் முதுநிலை உதவியாளராகப் பதவியேற்றார்.

அதே மாதம் இன்னொரு காரியமும் நடந்தது. போர்நிறுத்தத்தை மீறியது யார் என்று விசாரிக்கும் குழுவிலிருந்து, கையெழுத்துப் போடாத இயக்கங்களின் பிரதிநிதிகளை வெளியேற்றினார்கள். அப்படிச் செய்யச் சொல்லி நெருக்கியது கார்ட்டூம். யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவரையே வெளியே தள்ளிவிட்டு, யாரோடு போர்நிறுத்தம் பேசுவது? இன்னொன்றையும் கேளுங்கள். டார்ஃபூர் மக்களோடு ஊர் ஊராகக் கலந்து பேச வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பகுதி இருந்தது. எப்போது பேசுவதாம்? கையெழுத்தான பிறகு!

பிரித்து எடுக்கும் இந்த வித்தை கார்ட்டூமுக்குப் புதிதல்ல. 1991இல், தெற்கே அரசாங்கத்தோடு போரிட்டுக்கொண்டிருந்த ஜான் கராங்கின் இயக்கத்திலிருந்து ரியெக் மசார் பிரிந்தார். அரசாங்கம் அவரை அணைத்துக்கொண்டது. 1997இல் அவரோடு தனியாக ஒரு சமாதான ஒப்பந்தமும் போட்டது. போர் நின்றதா? ஒரு நாளும் நிற்கவில்லை. தென் சூடானியர் தென் சூடானியரைக் கொன்றதுதான் மிச்சம். 2002 ஜனவரியில் மசார் திரும்பிவந்து கராங்கோடு சேர்ந்தார். அந்த ஜூலையிலேயே மச்சாகோஸ் உடன்பாடு வந்தது, 2005 ஜனவரியில் முழு ஒப்பந்தம் வந்தது. அமெரிக்க நெருக்குதல், எண்ணெய்ப் பணம் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் எதிர்த் தரப்பில் பேச ஒரே குரல் இருந்ததால்தான் அந்த மேசை நிலைத்தது. இந்தப் பாடத்தின் மை காய்வதற்குள், அதே அரசாங்கத்தோடு டார்ஃபூரில் தனிக் கையெழுத்து வாங்கப் போனார்களே, அவர்களை என்னவென்று சொல்வது?

அபுஜாவுக்குப் பிறகு கிளர்ச்சி இயக்கங்கள் கண்ணாடிபோல நொறுங்கின. அப்துல் வாஹித்திடமிருந்து ஒரு குழு பிரிந்து ஒப்பந்தத்தை ஏற்றது. இன்னும் சில தளபதிகள் அவரையும் ஏற்கவில்லை, ஒப்பந்தத்தையும் ஏற்கவில்லை. 2007க்குள் பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். ஏன் பெருகின? தனியாக ஒரு பெயர்ப்பலகையும் நாலு வண்டியும் இருந்தால் அடுத்த பேச்சுவார்த்தைக்கு விமான டிக்கெட் வரும், நட்சத்திர ஓட்டல் அறை வரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் அமைச்சர் பதவியும் வரும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் லிபியாவின் சிர்ட்டே நகரில் கடாஃபி மேடை போட்டார். அப்துல் வாஹித் வரவில்லை, கலீல் வரவில்லை. வந்தவர்களில் பலரை டார்ஃபூருக்கே தெரியாது.

அடுத்த பேச்சுவார்த்தை தோஹாவில். அங்கே சிறு குழுக்களை வெளிநாட்டுத் தூதர்களே சேர்த்துக் கட்டி, விடுதலை மற்றும் நீதி இயக்கம் என்று பெயர் வைத்தார்கள். பழைய டார்ஃபூர் ஆளுநர் திஜானி சிசேயைத் தலைவராக்கி, 2011 ஜூலையில் கையெழுத்து வாங்கினார்கள். பதவிகள் வந்தன. சில ஆண்டில் அந்த இயக்கமும் இரண்டு கட்சியாக உடைந்தது. ஓட்டலில் கட்டிய இயக்கம் ஊரில் நிற்குமா?

இந்தத் தோஹாவுக்கு மக்கள் கொடுத்த விலை வேறு. 2010 ஜூலையில், தோஹா போய்வந்தவர்களுக்கும் அப்துல் வாஹித் ஆதரவாளர்களுக்கும் கல்மா முகாமில் மோதல் மூண்டது. அடுத்தடுத்த கூடாரத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். சில ஷேக்குகள் உயிர் தப்பி, ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் அனுப்பிய அமைதிப்படையின் முகாமுக்குள் ஒளிந்தார்கள், அவர்களை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டியது அரசாங்கம். 2013 ஏப்ரலில் நீதி மற்றும் சமத்துவ இயக்கத்திலிருந்து பிரிந்த முகமது பஷார் தோஹா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறு மாதமே, சாட் எல்லை வழியாகத் திரும்பும்போது அவருடைய பழைய தோழர்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதில் கிளர்ச்சித் தலைவர்களைத் தப்பவிட வேண்டிய அவசியம் இல்லை. கலீல் இப்ராஹிமின் இயக்கம், எங்களோடு மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர்கள் எல்லாம் ஆளே இல்லை என்று தோஹாவில் அடம்பிடித்தது. அப்துல் வாஹித் பாரிஸில் இருந்துகொண்டு சிர்ட்டேயை மறுத்தார், தோஹாவை மறுத்தார், பின்னால் ஜூபாவில் நடந்த பேச்சுவார்த்தையையும் மறுத்தார். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் பேச்சு என்ற அவர் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் மறுப்பதையே பதவியாக்கிக்கொள்ளவும் முடியும். ஒவ்வொரு மறுப்புக்கும் முகாம்களில் அவர் மதிப்பு ஏறியது, அந்த முகாம்கள் மட்டும் அப்படியே இருந்தன. மின்னாவியோ 2010 கடைசியில் அரண்மனையை விட்டு மறுபடி காட்டுக்குப் போனார், பத்தாண்டு கழித்து மறுபடி வந்தார்.

அந்த வருகைதான் ஜூபா ஒப்பந்தம், 2020 அக்டோபர் 3. தெருவில் இறங்கிய மக்களின் நெருக்குதலால் அதிபர் பஷீர் கவிழ்ந்த பிறகு நடந்தது. அப்போதாவது திருந்தினார்களா? அரசுத் தரப்புக்குத் தலைமை தாங்கிப் பேசியவர் ஹமெத்தி, ஜஞ்சவீத்களிலிருந்து கட்டிய ஆர்.எஸ்.எஃப். படையின் தலைவர்! ஊரைக் கொளுத்திய படையின் தலைவரே ஊர்க்காரர் சார்பில் வந்தவர்களுக்குப் பதவி பங்கிட்டார். ஆட்சி மன்றத்தில் மூன்று இடம், அமைச்சரவையில் நாலில் ஒரு பங்கு, சட்டமன்றத்தில் 75 இடம். சட்டமன்றம் கூடவே இல்லை; பதவிகள் மட்டும் உடனே நிரம்பின. மின்னாவி டார்ஃபூர் ஆளுநர். கலீலின் சகோதரர் ஜிப்ரீல் நிதியமைச்சர். மக்களைக் காக்க 12,000 பேர் கொண்ட கூட்டுப்படை அமைப்பதாக ஒப்பந்தம் சொன்னது. அந்தப் படை வருவதற்குள், 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அமைதிப்படையின் பணி முடிந்தது. இரண்டே வாரத்தில் டார்ஃபூரின் ஜெனீனா நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2021 அக்டோபரில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்க வழிசெய்த அரண்மனை வாசல் மறியலில், மின்னாவியும் ஜிப்ரீலும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் பதவிக்கு எந்தச் சேதமும் வரவில்லை.

2023 ஏப்ரல் 15ஆம் தேதி ராணுவமும் ஆர்.எஸ்.எஃப்.பும் மோதிக்கொண்டன. ஜூபாவில் கையெழுத்திட்டவர்கள் முதலில் நடுநிலை என்றார்கள். அந்த நவம்பரில் மின்னாவியும் ஜிப்ரீலும் ராணுவத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அதே ஒப்பந்தத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் கையெழுத்திட்ட ஹாதி இத்ரீஸும் தாஹிர் ஹஜரும் பின்னால் ஹமெத்தியின் அணியில் சேர்ந்தார்கள். 2025 ஜூலையில் அந்த அணி தன் பங்குக்கு ஓர் அரசாங்கம் அறிவித்து, ஹாதி இத்ரீஸை டார்ஃபூர் ஆளுநர் என்றது. ஆக இன்றைக்கு டார்ஃபூருக்கு இரண்டு ஆளுநர்கள், இருவருமே ஒரே சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். பஞ்சம் அறிவிக்கப்பட்ட ஸம்ஸம் முகாம் 2025 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப். தாக்குதலில் அழிந்தது. பதினெட்டு மாத முற்றுகைக்குப் பிறகு அக்டோபர் 26ஆம் தேதி எல் ஃபாஷரும் அந்தப் படையிடம் விழுந்தது.

தப்பியவர்கள் எங்கே ஓடினார்கள்? தவீலாவுக்கு. அந்த ஊர் எவருடைய கையெழுத்தையும் கேட்காமல் மலையடிவாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் அப்துல் வாஹித்தின் ஆட்களிடம் இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கானோர் மரத்தடியிலும் கிழிந்த தார்ப்பாயிலும் கிடக்கிறார்கள்.

இப்போது மறுபடி சமாதானம் பேசுகிறார்கள், நண்பர்களே. 2025 செப்டம்பரில் அமெரிக்கா, சவூதி, எகிப்து, அமீரகம் நான்கும் மூன்று மாத மனிதாபிமானப் போர்நிறுத்தம் கேட்டு அறிக்கை விட்டன. ஹமெத்தி படைக்கு ஆயுதம் கொடுப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதை மறுத்துவரும் அமீரகமும் அதில் நடுவர்! 2023இல் ஜெத்தாவில் உட்கார்ந்தபோதும் மேசையில் இரண்டே நாற்காலிகள்தான், ஒன்று ராணுவத்துக்கு, ஒன்று ஆர்.எஸ்.எஃப்.புக்கு. கல்மாவின் ஷேக்குகளையும், தவீலாவில் பொதுச் சமையல் கூடம் நடத்தும் பெண்களையும் என்று பதவி கேட்காத அந்தக் கூட்டத்தை, கையெழுத்துக்கு முன்னால் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். தனிக் கையெழுத்து போடுகிறவருக்கு ஆளுநர் பதவி கிடையாது, நிதி இலாகா கிடையாது என்று முதல் நாளே அறிவித்துவிட்டு உட்காருங்கள். எத்தனை பெயர்ப்பலகைகள் மிஞ்சுகின்றன என்று அப்புறம் எண்ணிப் பார்க்கலாம்.