பயந்த பிள்ளைக்குப் பாடம் பதியுமா?



2004 சுனாமிக்குப் பின் கல்குடாவில் பாடம் தொடங்கிய நாட்கள். வாய்ப்பாட்டை நன்றாகச் சொல்லிவந்த பிள்ளையொன்று பாதியில் நின்றுவிட்டது. கவனமில்லை என்று ஏசினேன்.

பின்னர்தான் அறிந்தேன். போர் நடந்த பகுதிகளின் தமிழ் மாணவரிடையே நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்றில், அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் நினைவாற்றலிலும் படிப்பிலும் பின்தங்கியிருந்தனர். அச்சம் மேலிட்டால் மூளை ஆபத்தையே கவனிக்கும், பாடம் பதியாது. என் ஏச்சு அச்சத்தைக் கூட்டியதே மிச்சம்.

ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளே, முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழையுங்கள். நேற்றைய பாடத்தில் நினைவிருப்பதைச் சொல்லவிடுங்கள், பிழைக்கு ஏசாதீர்கள். நினைவுகூர்ந்து சொல்லச் சொல்லத்தான் பாடம் நிலைக்கும்.

அன்று நான் செய்யத் தவறியது இதுதான்.