சூட்டு வலி என்று திருப்பி அனுப்பாதே!
(உழைக்கும் பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. சேரியில் பிறந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். என் தம்பி வயித்துல இருந்தப்ப, நடவு நட்டுக்கிட்டிருந்த எங்கம்மாவுக்கு ஏழாம் மாசமே வலி கண்டது. ஆஸ்பத்திரியில், "சூட்டு வலிதான், போ" என்று வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பினார்கள். வலி நின்றது. மறுநாளே அம்மா சேத்துல இறங்கினாள். மூன்றாம் வாரம் தம்பி பிறந்தான். பால் குடிக்கையில் மூச்சு வாங்கும், நெத்தி வேர்க்கும். நாற்பதாம் நாள் செத்துப்போனான். என்ன கோளாறென்று யாரும் சோதிக்கவில்லை. 'விதி' என்றார்கள்.

விதியல்ல தோழர்களே. 37 வாரம் நிறையுமுன் வருகிற வலியைச் சாதாரணமாக விடக்கூடாது. வயிற்றிலிருக்கும் பிள்ளை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆகவே ரத்தம் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகாமல் ஒரு குறுக்குக் குழாய் வழியாகப் போகிறது. நிறைமாசப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாளில் அது மூடிக்கொள்ளும். முன்கூட்டிப் பிறந்த பிள்ளைக்கு மூடாமல் போகலாம். அப்போது ரத்தம் நுரையீரலில் மிகுந்து இதயம் திணறும். இதயத் தசையும் முதிராமலே பாரம் சுமக்க வேண்டியிருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் இதயத் தசை கனத்து, வடிவம் மாறியிருப்பதை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள்.

வலி நின்னாலும் கவலை விடாது. கருப்பையில் தொற்றோ அழற்சியோ இருந்தால் அது பிள்ளையையும் தாக்கும். அப்படிப்பட்ட சில சிசுக்களின் இதயச் சுவர் வயிற்றிலேயே தடித்திருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாது. வலி நின்னு நிறைமாசம் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பார்த்தால்தானே தெரியும்?

மருந்து இல்லாமலில்லை. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று நியூசிலாந்தில் 1972லேயே நிரூபித்துவிட்டார்கள். மலிவான ஊசிதான். காலத்தில் போட வேண்டும். அதற்கு முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்!

2017இல் திருத்திய சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. யாருக்கு? நாள் கூலிக்கு நாத்து நடுகிறவளுக்கு அதில் இடமிருக்கவில்லை.

வயிறு இறுகி இறுகி விட்டாலோ, இடுப்பு வலித்தாலோ, நீர் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். பார்க்காமல் அனுப்பினால் வாசலை விட்டு நகராதீர்கள். வயிற்றில் கைவைத்துப் பார்ப்பது அவர்கள் போடும் பிச்சையல்ல, நம் உரிமை.