இடுகுறியும் எறும்பும்

(பட்டாபிராமில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, "அறவுரை ஆற்ற அறிஞர் பலர் வருகின்றனர், நீங்கள் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்" என்றனர். முப்பத்தாறு ஆண்டுகள் எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ரோபோக்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். ஆனால் இன்று நான் சொல்லவிருப்பது தொழிற்சாலையில் கற்றது அன்று. என் வீட்டு வாசலில் கற்றது.

சென்ற ஆண்டு என் பெயரன் தரை பெருக்கும் சிறு ரோபோ ஒன்றை வாங்கித் தந்தான். முறத்தினும் சிறியது, வட்ட வடிவம். சுவரில் முட்டினால் திரும்பும். படிக்கட்டின் விளிம்புக்கு வந்தால் பின்வாங்கும். மூன்று நாள் வீடே அதை வேடிக்கை பார்த்தது. நான்காம் நாள் காலை, வாசலில் இட்ட அரிசிமாவுக் கோலத்திலிருந்து எறும்புச் சாரை ஒன்று நிலைப்படியைக் கடந்து கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த எந்திரம் அச்சாரையின் மீது நேராகச் சென்றது. சாரை நடுவில் இல்லாமற் போயிற்று.

என் துணைவியார் அதை நிறுத்திவிட்டு, "இதற்குக் கண் இல்லையா?" என்று கேட்டார். பெயரன், "பாட்டி, இதற்குச் சுவர் தெரியும், விளிம்பு தெரியும், குப்பை தெரியும். எறும்பு என்று ஒன்றை யாரும் சொல்லித் தரவில்லை" என்றான். "அப்படியானால் எறும்பு குப்பையா?" என்றார் அவர். பெயரனிடம் விடையில்லை. தொழில்முறைக் கூட்டங்கள் எத்தனையோ கண்டிருக்கிறேன். இவ்வளவு கூர்மையான வினாவை அங்கே கேட்டதில்லை.

அந்த எந்திரத்துக்கு 'விளிம்பு' தெரியும் என்கிறோமே, அது எவ்வாறு தெரிகிறது? அதன் அடிவயிற்றில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்கும், திரும்பி வரும் ஒளியை அளக்கும் உணரியும் இருக்கின்றன. தரை இருந்தால் ஒளி திரும்பும். திரும்பாவிட்டால் உள்ளே ஒரு குறி எழும். அக்குறி வெறும் எண்தான். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். மூன்று எழுந்ததும் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலும். ஒருபுறம் உணரியும் மறுபுறம் சக்கரமும் பிணைந்திருப்பதாலேயே அந்த மூன்றுக்குப் பொருள் உண்டு. இப்பிணைப்பை அறுத்துவிட்டால் அது வெறும் மூன்றே.

இன்னொன்றும் உண்டு. அதே எந்திரத்தைக் கருநிறக் கம்பளத்தின் மேல் விட்டால், சில வேளைகளில் பள்ளத்தைக் கண்டதுபோல் அஞ்சிப் பின்வாங்கும். கறுப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது, ஒளி திரும்பவில்லை, மூன்று எழுகிறது. ஆகவே எந்திரம் உண்மையில் அறிந்தது 'விளிம்பு' அன்று. 'ஒளி திரும்பவில்லை' என்பதே. விளிம்பு என்ற பெயரை இட்டவர்கள் நாம்.

பெயரிடுதல் என்றதும் பள்ளியில் படித்த நன்னூல் நினைவுக்கு வருகிறது. நம் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூல், இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்ற பாகுபாட்டைச் சொல்கிறது. பறப்பதனால் பறவை என்பது காரணம். மண், மரம் என்பவை இடுகுறி. முன்னோர் இட்ட குறி, அவ்வளவே. கணினிக்குள் இருக்கும் குறிகள் அனைத்தும் இடுகுறிகளே. நாம் 'மரம்' என்று கேட்டவுடன் நிழலும் இலையும் வேரும் நம் நினைவில் வந்து நிற்கின்றன. கணினிக்கு அக்குறியின் பின்னால் வேறு குறிகளே நிற்கின்றன.

நிகண்டுகளை எண்ணிப் பாருங்கள். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்த மாணவர் ஒருவர், வாழ்நாளில் யானையையோ அதன் படத்தையோ கண்டதே இல்லை என்று கொள்வோம். கரி, களிறு, வேழம், கைம்மா எல்லாம் ஒன்றே என்று அவர் பிழையின்றிச் சொல்வார். யானை எதிரே வந்து நின்றால் இன்னதென்று அறியார். சொல்லிலிருந்து சொல்லுக்கே அவர் சென்றுகொண்டிருப்பார். ஸ்டீவன் ஹார்னாட் என்னும் அறிஞர் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே வேறோர் எடுத்துக்காட்டால் விளக்கினார்: சீனமொழி அறியாத ஒருவர் சீன அகராதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அம்மொழியைக் கற்க முயன்றால், ஒரு குறியிலிருந்து மற்றொரு குறிக்குச் சுற்றிக்கொண்டேயிருப்பார் என்றார். குறிகளுக்கு நிலத்தில் கால் ஊன்றச் செய்வது எப்படி என்பதே அவர் எழுப்பிய வினா. இன்றும் அது முழுமையாகத் தீரவில்லை.

இம்முயற்சியில் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் மாணவர் ஒருவருக்கும் பங்குண்டு. 1958இல் அங்கே பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சால் இட்ட கட்டளையைக் கேட்டு எந்திரக் கை கட்டைகளை எடுக்கும் ஆய்வில் ஈடுபட்டார். 1994இல் கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது அவருக்குக் கிட்டியது. அத்தகைய கட்டளையில் வரும் 'சிறிய கட்டை' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். எந்தக் கட்டையின் மீதும் 'சிறியது' என்று எழுதியிருக்காது. அருகிலுள்ளவற்றோடு ஒப்பிட்டே அதைக் கண்டறிய வேண்டும். செவி பெற்ற ஒலி, கண் பெற்ற உருவம், கை செய்யும் செயல் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் வந்து சேரவேண்டும்.

இங்கே நம் ஆகமக் கல்வி எனக்குப் பெரிதும் உதவியது என்பதைப் பெருமைக்காக அன்றி உண்மைக்காகவே சொல்கிறேன். தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மதிஞானத்தின் படிகளாக அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை என்ற நான்கைக் கூறுகிறது. பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு எளிமையானது. தொலைவில் ஏதோ வெண்மையாகத் தெரிகிறது; அது அவக்கிரகம். கொக்கோ, கொடியோ என்று ஆராய முனைவது ஈஹா. எழுந்தும் தாழ்ந்தும் சிறகை அசைப்பதைக் கண்டு, கொக்கே, கொடியன்று என்று துணிவது அவாயம். காலையில் கண்ட கொக்கே இது என்று பின்னர் அறியுமாறு நிலைநிறுத்திக்கொள்வது தாரணை.

ரோபோவை உருவாக்குவோர் வெண்மையைக் கண்டுகொள்ளும் உணரியை எளிதில் வாங்கிவிடலாம். ஆராய்வதையும் துணிவதையும் கணினிகள் இப்போது விரைவாகவே செய்கின்றன. தாரணையில்தான் இடறல் நேர்கிறது. அது கற்பனையன்று.

2018 மார்ச் 18 அன்று இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார் ஒன்று, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர்மீது மோதியது, அவர் உயிரிழந்தார். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து அறிக்கை தந்தது. எந்திரம் அவரைக் காணாமல் இல்லை. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே உணரிகள் கண்டன. ஆனால் அவர் யார் என்னும் குறி மாறிக்கொண்டே இருந்தது: வண்டி, வேறு ஏதோ ஒன்று, மிதிவண்டி, மீண்டும் வேறு ஏதோ ஒன்று. குறி மாறும்தோறும், அதுவரை அவர் நகர்ந்துவந்த தடத்தைக் கணக்கில் கொள்ளாமல், இப்போதுதான் தோன்றிய புதுப்பொருள் போல எந்திரம் கருதியது. கடந்துகொண்டிருக்கிறார் என்பதை அதனால் உரிய காலத்தில் அறிய இயலவில்லை. கொக்கு என்றும் கொடி என்றும் மாறி மாறித் துணிந்தது. 'சற்று முன் கண்டதே இது' என்ற நினைவு நிற்கவில்லை.

அறிக்கையில் இன்னொரு குறிப்பும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. நடையர் கடக்கும் கோடுகள் இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதை அம்மென்பொருளின் வடிவமைப்பு எண்ணிப் பார்க்கவேயில்லை. உள்ளே கண்காணிப்புக்கு அமர்ந்திருந்தவர் கைப்பேசியில் கவனம் செலுத்தியிருந்தார் என்பதும் உண்மை. அவர் தவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் வடிவமைத்த மேசையில் விடுபட்ட ஒன்று சாலையில் இல்லாமற் போகாது. நம் சி.டி.எச். சாலையில் கோடு பார்த்துக் கடப்பவர் எத்தனை பேர் என்பதை இங்கு அமர்ந்திருப்போரே சொல்லலாம்!

அடுத்துள்ள ஆவடியில், போர் ஊர்திகளுக்கான ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.ஈ., 2017இல் 'முந்த்ரா' என்னும் ஆளில்லாத் தடச்சக்கர ஊர்தியை உருவாக்கிக் காட்டியது. கண்காணிப்புக்கு ஒன்று, கண்ணிவெடி கண்டறிய ஒன்று, அணுக்கதிர், வேதிப்பொருள் அபாயமுள்ள இடங்களை ஆய்வதற்கு ஒன்று என மூன்று வகை. அதைத் தொலைவிலிருந்து மனிதர் இயக்குவர். படக்கருவி காட்டுவதை அவர் காண்கிறார். பொருள் கொள்வதும் அவரே. அங்கே குறிகளுக்குக் கால் ஊன்றும் நிலம் மனித மனமே. மனிதரை அங்கிருந்து விலக்கும் நாளில் அந்தப் பொறுப்பு எவரிடம் போய்ச் சேரும்? குறிகளின் பட்டியலை எழுதியவரிடம்தான்.

2024 நவம்பரில் நம் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தகைய கட்டடங்களில் அமர்ந்து இத்தகைய பட்டியல்களையே எழுதப்போகிறார்கள். சிலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். எறும்பை மூவறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியலும் சொல்கிறது, நம் சூத்திரமும் சொல்கிறது. தொடுவுணர்வும் சுவையும் மோப்பமும் உடையது என்று நம் முன்னோர் எறும்பைத் தம் பட்டியலில் வைத்தனர். என் வீட்டு எந்திரத்தின் பட்டியலில் அதற்கு இடமில்லை. எழுதியவர் கொடியவர் அல்லர்; அவருக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே.

அந்த எந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெயரன் அதன் முகப்பில் சிறு படக்கருவி ஒன்றைப் பொருத்தி, எறும்பைக் காட்டிப் பயிற்றத் தொடங்கினான். இரண்டு மாதம் வீட்டில் எறும்பைப் படம் பிடிப்பதே வேலையாயிற்று: காலை வெயிலில், குழல் விளக்கில், கோலமாவின் மேல், காவித் தரையின் மேல். எறும்பு என்ற குறி எழுந்தால் சக்கரமும் தூரிகையும் ஒருசேர நிற்கவேண்டும் என்று பிணைத்தான். முதல் வாரம் கூடத்தில் சிந்திய எள்ளைக் கண்டு நின்றது. பிறகு கடுகைக் கண்டு நின்றது. அவன் சலித்துக்கொண்டு, சற்று உறுதியானால் மட்டுமே நிற்குமாறு அளவை மாற்றட்டுமா என்று கேட்டான். "எள்ளுக்கு நிற்பதனால் நமக்கு என்ன கெட்டுவிட்டது? நிற்கட்டும்" என்றார் அவன் பாட்டி. அளவு அப்படியே இருக்கிறது.

காவித் தரையில் விளக்கு வைத்த பிறகு செவ்வெறும்பை அதனால் இன்னும் பிரித்தறிய இயலவில்லை. ஆகவே மாலையில் அந்த இடத்தைப் பூந்துடைப்பத்தால் அவரே பெருக்குகிறார்.