வளைந்த மரப் பந்தல்



ஸ்பெயின் தேசத்தின் தென்பாகத்திலுள்ள செவீல் நகரத்திற் கோடை என்பது எளிதிற் கழியும் பருவமன்று. வெப்பமானி 40 பாகையைத் தாண்டுதல் அங்கே அரிய செய்தியுமன்று. ஆதலால் அந்நகரத்தார் வீட்டின் நடுவே முற்றம் விட்டு, வெயில் ஏறும் வேளையில் அம்முற்றத்தின்மேற் சீலையை இழுத்து மூடுவர். கடைத்தெருக்களிலும் எதிரெதிர்க் கூரைகளுக்கிடையே சீலைப் பந்தல் விரிப்பர். ‘தொல்தோ’ என்பது அதன் பெயர். நிழலைக் கட்டடக் கலையின் ஓர் உறுப்பாகவே கருதிப் பழகிய அம்மக்களிடையே, 2011ஆம் ஆண்டில் மரத்தினாலான ஒரு பெரும்பந்தல் எழுந்தது. அது வளைந்து நெளிந்து, ஆறு குடைகளை ஒன்றோடொன்று இணைத்தாற்போல நிற்கின்றது. 150 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் உடைய அதன் உச்சி நிலத்திலிருந்து ஏறத்தாழ 26 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஊரார் அதனைக் ‘காளான்கள்’ என்று அழைத்தனர். கேலியாகப் பிறந்த அப்பெயர் பின்னர் அதற்குரிய பெயராகவே நிலைத்துவிட்டது.

அது நிற்கும் இடம் என்கார்னாசியோன் சதுக்கம். முன்பு அங்கே ஒரு கன்னியர் மடம் இருந்தது. பிரெஞ்சுப் படையினர் நகரைக் கைக்கொண்டிருந்த காலத்தில் அது இடிக்கப்பட்டது. 1842இல் அவ்விடத்திற் சந்தை திறக்கப்பட்டது. 1973இல் அச்சந்தையின் எஞ்சிய பகுதியும் இடிக்கப்பட, கறிவகையும் மீனும் விற்றுவந்தோர் சதுக்கத்தின் ஒரு மூலையில் அமைந்த தற்காலிகக் கொட்டகைக்குச் சென்றனர். தற்காலிகம் என்னும் சொல்லுக்கு எத்துணை நீட்சி உண்டென்பதை அவ்வியாபாரிகள் நன்கறிவர். அவர்கள் அங்கே காத்திருந்த காலம் முப்பத்தேழு ஆண்டுகள். இடையில், வாகனத் தரிப்பிடம் அமைப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது உரோமர் காலத்து வீடுகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அந்த வேலை நின்றது. பின்னர் 2004இல் நடைபெற்ற வடிவமைப்புப் போட்டியில் யூர்கன் மயர் என்னும் ஜேர்மானியக் கட்டடக் கலைஞரின் திட்டம் தெரிவாயிற்று. பழைய அடித்தளங்கள் நிலத்தின்கீழ்க் காட்சிச்சாலையாகவும், அதன்மேற் சந்தையும், அதற்கு மேலே திறந்த வெளியும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்தலும் அமைதல் வேண்டுமென்பது அவர் கருத்து.

பந்தலுக்கு மரமே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் மரம் நேராக வளர்வது, அதை வளைப்பதெப்படி? இவ்வினாவிற்கு ஐரோப்பியத் தச்சர் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று, மெல்லிய பலகைகளை ஒன்றன்மேலொன்றாகப் பசையிட்டு அடுக்கி, அச்சிலே வைத்து வளைத்து, பசை இறுகும்வரை பிடித்திருத்தல். ஜேர்மனியின் வைமார் நகரத்து ஒற்றோ ஹெற்சர் 1906இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். மற்றது மிகப் பழையது. பிரான்சு தேசத்து அரசவைக் கட்டடக் கலைஞராகிய பிலிபேர் தெலோர்ம் 1561இல் வெளியிட்ட நூலொன்றில் அதனை விளக்கினார். நீண்ட பெருமரங்கள் கிடைத்தற்கரியனவாகிய காலம் அது. அவர் பலகையை வளைக்கவேயில்லை. குட்டையான பலகைத் துண்டுகளை எடுத்து, அவற்றின் விளிம்பை மட்டும் வளைவாக அறுத்து, இரண்டு வரிசையாக நிறுத்தி, ஒரு வரிசையின் பொருத்து மறுவரிசைத் துண்டின் நடுவே வரும்படி முளையடித்து இணைத்தார். பாரிசு நகரத்துத் தானியச் சந்தையின் பெருங்குவிமாடம் 1783இல் இம்முறையிலேயே மூடப்பட்டது. 1802இல் அது தீக்கிரையாயிற்று. எனினும் அதனைக் கண்டு வியந்த தோமசு ஜெபர்சன், அமெரிக்காவிலே தம் மொன்ரிசெல்லோ மாளிகையின் குவிமாடத்தை அம்முறையைத் தழுவியே அமைத்தார்.

செவீற் பந்தல் பார்வைக்கு ஹெற்சரின் வழித்தோன்றல் போலத் தோன்றும். உண்மையில் அது தெலோர்மின் பேரன். அதிலுள்ள எந்தப் பலகையும் வளைக்கப்பட்டதன்று. இரு திசைகளிற் செங்குத்தாக நிற்கும் தட்டையான பலகைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அவற்றுக்கிடையே 1.5 மீற்றர் இடைவெளி. ஒவ்வொரு பலகையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் வெவ்வேறு வளைவாக அறுக்கப்பட்டுள்ளன. விளிம்புகள் யாவும் சேர்ந்து கண்ணுக்கு ஓர் அலையாய்த் தெரிகின்றன. நிலக்கூறு காட்டும் படத்தைத் துண்டு துண்டாக அட்டையில் வெட்டி நிறுத்தினால் மலையொன்று தோன்றுமன்றோ, அதுபோலென்க. மூவாயிரத்துக்கு மேற்பட்ட அப்பலகைகளுள் தடிப்பானவை 311 மில்லிமீற்றர் அளவின. மெல்லியவை 68 மில்லிமீற்றர். மூலப்பொருள் பின்லாந்து தேசத்து ஊசியிலை மரம். அதனை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்த் தகடுகளாகச் சீவி, மீண்டும் ஒட்டிப் பலகையாக்கி, கணிப்பொறி ஏவும் வாளினால் ஜேர்மனியில் அறுத்து, செவீலுக்குக் கொணர்ந்தனர்.

இவ்வளவும் சொல்லுதற்கு எளிது. 2005இல் வேலை தொடங்கி இரண்டு ஆண்டுகள் சென்றபின், 2007இல், பொறியியலாளர் நகர சபைக்கு ஒரு கசப்பான செய்தியைத் தெரிவித்தனர். முதலில் எண்ணியவாறு அப்பந்தலைக் கட்ட இயலாது என்பதே அது. மரம் குற்றமுடையதன்று, இடர் பொருத்துக்களிலே இருந்தது. ஆயிரக்கணக்கான சந்திகளில் மரத்தை மரத்தோடு பிணைக்க உருக்குத் தகடுகளைப் பூட்டினால், அவற்றின் பாரமே பந்தலை அழுத்திவிடும். பாரம் ஏறினால் மரம் தடிக்கவேண்டும். மரம் தடித்தாற் பாரம் மேலும் ஏறும். இச்சுழலிலிருந்து வெளியேறக் கண்ட வழி, மரத்தினுள்ளே துளையிட்டு உருக்குக் கம்பிகளைச் செலுத்தி எப்பொக்சிப் பசையினால் உறையச் செய்தல். அதனாற் பொருத்து இலேசாயிற்று. ஆயினும் செவீலின் வெயில் இங்கும் எதிர்வந்து நின்றது. கோடையில் மரத்தின் உட்புறமே 60 பாகை வரை சூடேறக்கூடும். அச்சூட்டிற் சாதாரணப் பசை இளகும். ஆதலாற் பசையிட்ட பகுதிகளை முன்கூட்டியே சூடேற்றிப் பதப்படுத்தி, உயர்ந்த வெப்பத்திலும் தன் பிடியை விடாதபடி செய்தனர். கொல்லன் இரும்பைப் பதப்படுத்துதல் போன்றதொரு செயல் பசைக்கும் வேண்டியதாயிற்று. இவ்வாராய்ச்சிகள் முடிந்து பந்தல் நிறைவேறியபோது செலவு, முதலில் மதித்த தொகையின் இரண்டு மடங்கை அண்மித்து, ஏறத்தாழ பத்துக் கோடி யூரோவாயிற்று. ஊரிலே சினம் எழுந்ததில் வியப்பில்லை.

இத்துணைப் பாடுபட்டும் நிழல் நிறைவாகக் கிடைத்ததா? பலகைகளுக்கிடையே மேலே வானம் தெரிகின்றது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் கதிரைப் பலகைகளின் ஆழம் நன்றாகத் தடுக்கும். ஆனி மாத உச்சிவேளையிலோ அந்நகரிற் சூரியன் 76 பாகை உயரத்தில் நிற்கும். கிழக்கு மேற்காக நிற்கும் பலகையொன்று 3 மீற்றர் ஆழமுடையதாயின், அவ்வேளையில் அது தன் வடபுறத்தே முக்கால் மீற்றர் அளவுக்கே நிழல் வீழ்த்தும். அதாவது, ஓர் அறையின் பாதி. ஆகவே உச்சியில் அங்கே இருப்பது நிழலும் வெயிலும் கலந்த கட்டம். அந்நாட்டுக் கடிகாரம் அப்போது இரண்டரை மணியை நெருங்கியிருக்கும். அறிவுடையோர் வீட்டுக்குள் உறங்கும் நேரம் அது.

தெலோர்மின் முறை பெருஞ்சதுக்கத்துக்கு மட்டும் உரியதன்று. வீட்டு முற்றத்தில் 12 அடி அகலத்துக்கு வளைந்த பந்தல் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒன்றரை அடி எழுச்சி போதுமானால், வளைவின் ஆரை 12 அடி 9 அங்குலம் என்று கணக்கு வரும். ஒரு நூலை அவ்வளவுக்கு எடுத்து, சீமெந்துத் தரையிலே முழு அளவில் வில்லை வரைந்துகொள்ளல் வேண்டும். வில்லின் நீளம் பன்னிரண்டரை அடி. அதனை மூன்று துண்டாக்கினால், நான்கு அடிக்குச் சற்று மிகுந்த ஒவ்வொரு துண்டிலும் வளைவின் குழிவு ஏறத்தாழ இரண்டு அங்குலமே. எனவே எட்டு அங்குலப் பலகையிலிருந்து ஆறு அங்குல வில்லை வெட்டி எடுக்கலாம். இரண்டாவது வரிசையிலே துண்டுகளின் பொருத்து இடம்மாறி விழும்படி வைத்து, ஒட்டி, ஆணி முடுக்கினால் வில் ஆயிற்று. ஹெற்சரின் வழியிற் செல்ல விரும்புவோர், ஆரையின் இருநூற்றிலொரு பங்குக்கு மேற்படாத தடிப்புள்ள பலகைகளைத் தெரிதல் நன்று. இங்கே அது முக்கால் அங்குலம். அச்சிலிருந்து கழற்றியதும் வில் சிறிது நிமிரும் என்பதையும் அச்சை வரையும்போதே எண்ணவேண்டும்.

இரண்டு வழிகளிலும் மறக்கப்படுவது ஒன்றுண்டு. வளைந்த வில் தன் கால்களை வெளிப்புறமாகத் தள்ளும். ஆகவே தூண்களைத் தடிப்பாக்கி நிலத்தில் ஆழ ஊன்றுதல் வேண்டும். அன்றேல் இரு நுனிகளையும் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியாற் கட்டுதல் வேண்டும். மேலும், வளைவாக அறுத்த விளிம்பில் மரத்தின் நார்கள் வெட்டுண்டு வாய்திறந்து நிற்கும். மழைநீர் நுழைவது அவ்வழியே. செவீலிற் பலகைகள் அனைத்துக்கும் இரண்டு மூன்று மில்லிமீற்றர்த் தடிப்பில் பொலியூரேத்தேன் மேற்பூச்சு இட்டனர். வீட்டுப் பந்தலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் வெட்டுவாய்களுக்கும் பொருத்துக்களுக்கும், வில்லை ஏற்றி நிறுத்துமுன், நிலத்திலே கிடக்கும்போதே, எட்டாத இடமின்றி மூன்று தடவை பூசிவிடுதல் வேண்டும்.